பாட்டியின் கிறிஸ்துமஸ் குக்கீ: கோப்பையிலும் கரண்டியிலும் எழுதிய பழைய குறிப்பை எப்படிச் சரியாகச் சுடுவது?

விண்மீன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாட்டி ஒரு மசாலா குக்கீ சுடுவார். அவர் மறைந்த பிறகு அதை யாரும் முறையாகச் சுடவில்லை. அவர் கைப்பட எழுதிய குறிப்பு இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வரும் கிறிஸ்துமஸுக்கு அதே சுவையில், அதே நட்சத்திர வடிவில் சுட்டு, உறவினர்கள் எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்:

"மைதா 3 கோப்பை. வெண்ணெய் அரை பவுண்டு. பழுப்புச் சர்க்கரை 1 கோப்பை, அழுத்தி. மொலாசஸ் அரைக் கோப்பை. முட்டை 1. சோடா 1 கரண்டி. சுக்குத்தூள், பட்டை, கிராம்பு வழக்கம்போல். பிசைந்து ஆறவைத்துத் தேய்த்து வெட்டி, மிதமான சூட்டில் நிறம் மாறும்வரை."

மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு. சோடா என்றால் சமையல் சோடா. அளவுக் கோப்பையால் அளந்து, உப்பில்லாத வெண்ணெய் சேர்த்து, விசிறி உள்ள மின்சார ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். மாவைக் கரண்டியால் அள்ளிக் கோப்பையில் இட்டு, கத்தியால் மட்டமாக வழித்தேன். நட்சத்திரத்தின் முனைகள் எல்லாம் பரவி வட்டமாகிவிட்டன. மறுநாள் எடுத்துக் கடித்தால் கெட்டியாக இருந்தது. பாட்டியின் குக்கீயோ ஓரத்தில் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். சுவையும் ஏதோ ஒன்று குறைந்து சப்பென்று இருக்கிறது. எது குறைகிறது என்று என்னால் சொல்லத் தெரியவில்லை.

அத்தை இரண்டு செய்திகளை நினைவுகூர்கிறார். மாவைப் பிசைந்து ஓர் இரவு குளிரில் வைத்துவிட்டு மறுநாள்தான் பாட்டி தேய்ப்பாராம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கியதுமே சுட்டுத் தகரப் பெட்டியில் அடைத்துவிடுவாராம். கிறிஸ்துமஸ் காலையில்தான் பெட்டி திறக்கப்படுமாம்.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. அவர் சொல்லும் கோப்பை எவ்வளவு பெரியது? "மிதமான சூடு" என்பது எத்தனை டிகிரி? "வழக்கம்போல்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்ட மசாலா அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல இஞ்சிக் குக்கீக் குறிப்புகள் வேறு பல கிடைக்கும் என்பதை அறிவேன். ஆனால் எனக்கு வேண்டியது இந்தக் குக்கீதான். அதனால் மாற்றுக் குறிப்பு தராமல், இதை மீட்க வழி சொன்னால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

தராசுமுள் பதில்:

அன்புள்ள விண்மீன், உங்கள் பாட்டியின் குறிப்பு நல்ல குறிப்பு. அதில் குறை ஏதும் இல்லை. அவர் கைக்குத் தெரிந்தது தாளில் ஏறவில்லை, அவ்வளவுதான். கைக்குத் தெரிந்ததை இனி நாம் கிராமில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்தக் குறிப்பில் மூன்று வகை அளவுகள் கலந்திருக்கின்றன. மைதா, சர்க்கரை, மொலாசஸ் மூன்றும் கோப்பைக் கணக்கு, வெண்ணெய் எடைக் கணக்கு, முட்டை எண்ணிக்கை. எல்லாமே ஒரே கோப்பையில் அளக்கப்பட்டிருந்தால் கோப்பை எந்த அளவாக இருந்தாலும் விகிதம் மாறாது, நாமும் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே அரை பவுண்டு வெண்ணெய் என்பது யார் வீட்டிலும் 227 கிராம்தான். ஆகவே கோப்பை மாறினால் வெண்ணெய்க்கும் மாவுக்கும் உள்ள விகிதமே மாறிவிடும். உங்கள் நட்சத்திரம் வட்டமானதற்கு முதல் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

அமெரிக்க அளவுக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலிட்டர், மெட்ரிக் கோப்பை 250 மில்லிலிட்டர். இவற்றுக்குள் வேறுபாடு சிறிதுதான். பெரிய வேறுபாடு மாவை நிரப்பும் விதத்தில் இருக்கிறது. நீங்கள் செய்ததுபோல் கரண்டியால் இட்டு வழித்தால் ஒரு கோப்பை மைதா 120 கிராம் அளவில் இருக்கும். கோப்பையையே மாவுப் பாத்திரத்துக்குள் விட்டு அள்ளித் தட்டினால் அதே கோப்பையில் 150 கிராம்வரை ஏறிவிடும். மூன்று கோப்பைக்குக் கணக்கிட்டால் முதல் முறையில் 360 கிராம், இரண்டாவது முறையில் 450 கிராம். 360 கிராம் மாவுக்கு 227 கிராம் வெண்ணெய் என்றால் அது மாவின் எடையில் 63 விழுக்காடு. அதோடு மொலாசஸும் முட்டையும் சேரும்போது அந்த மாவு பரவாமல் நிற்பது கடினம். 450 கிராமுக்கு அது 50 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. அச்சில் வெட்டி முனை கலையாமல் எடுக்கும் குக்கீக்குப் பொருத்தமான அளவு இதுதான். கோப்பையை மட்டமாக வழித்து அளக்க வேண்டும் என்று 1896-லேயே அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் தம் சமையல் நூலில் வலியுறுத்தினார் என்றாலும், வீடுகளில் கைப்பழக்கமே நெடுங்காலம் நின்றது.

நான் சொல்வது ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். பாதி அளவில் மாவு பிசையுங்கள்: வெண்ணெய் 113 கிராம், பழுப்புச் சர்க்கரை 108, மொலாசஸ் 85, அடித்த முட்டையில் 25 கிராம், சோடா அரைத் தேக்கரண்டி. மைதாவை முதலில் 180 கிராம் மட்டும் சேருங்கள். அதிலிருந்து ஒரு நட்சத்திரத்துக்கான மாவை எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு மீதியில் 15 கிராம் மைதா சேர்த்து இன்னொரு நட்சத்திரத்துக்கு எடுங்கள். இப்படியே 225 கிராம்வரை போங்கள். எடுக்கும் உருண்டை சிறிதாக இருந்தால் விகிதம் பெரிதாகக் குலையாது. எல்லாவற்றையும் ஒரே அளவு குளிரவைத்து, ஒரே தட்டில், ஒரே சூட்டில் சுடுங்கள். எந்த நட்சத்திரத்தின் முனை நிற்கிறதோ அதுவே உங்கள் பாட்டியின் கோப்பை. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது இதில் மிக முக்கியம். மாவையும் சூட்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது.

"சோடா 1 கரண்டி" என்பது தேக்கரண்டியாகத்தான் இருக்க வேண்டும். 5 மில்லிலிட்டர் தேக்கரண்டியில் சோடா ஏறத்தாழ 5 கிராம் நிற்கும், இந்த அளவு மாவுக்கு அது போதும். மேசைக்கரண்டி என்று எடுத்துக்கொண்டால் மூன்று மடங்காகி, குக்கீயில் சவர்க்கார வாடை அடிக்கும். மொலாசஸ் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. அதனோடு வினைபுரிந்துதான் இந்தச் சோடா மாவை எழுப்புகிறது. ஆகையால் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டுப் பார்க்க வேண்டாம், நிறமும் சுவையும் வேறாகிவிடும்.

வெப்பமானி பதில்:

தராசுமுள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மாவின் அளவு மட்டுமே காரணம் என்று நிறுத்திவிட முடியாது. சூட்டையும் பார்க்க வேண்டும்.

பழைய குறிப்புகளில் "மிதமான சூடு" என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 350 டிகிரி ஃபாரன்ஹீட், சில வேளைகளில் 375 வரை. செல்சியஸில் 175 முதல் 190. எரிவாயு ஓவனில் 4 அல்லது 5 என்ற எண். விசிறி இல்லாத ஓவனுக்கு உரிய கணக்கு இது. விசிறி ஓடும்போது சூடான காற்று குக்கீயின் மேல் இடைவிடாமல் படுவதால் 20 டிகிரி குறைத்து வைப்பதுதான் முறை. நீங்கள் விசிறியோடு 180 வைத்திருக்கிறீர்கள். பாட்டியின் ஓவனில் அது ஏறத்தாழ 200 டிகிரிக்குச் சமம். மறுநாள் கெட்டியாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விசிறியோடு என்றால் 160 வையுங்கள். இயன்றால் விசிறியை நிறுத்தி 175 முதல் 180 வைத்துச் சுடுங்கள், அது பாட்டியின் முறைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சூட்டைக் குறைத்தால், ஓரம் இறுகுவதற்கு முன் வெண்ணெய் உருகி ஓட நேரம் கிடைக்கும், அதனால் பரவல் சற்றுக் கூடும். எனவேதான் அத்தை நினைவுகூர்ந்த அந்த ஓர் இரவுக் குளிர்ச்சி இவ்வளவு முக்கியமாகிறது. அதைப் பழைய வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுமையாக உருகிவிடும். மாவின் ஸ்டார்ச்சும் முட்டையும் இறுகுவதற்கு அதைவிட மிக அதிகச் சூடு தேவை. குளிர்ந்த மாவு உருகும் நிலைக்கு வரவே நேரமாகும், அதற்குள் ஓரம் இறுகத் தொடங்கிவிடும். இரவு முழுவதும் வைப்பதால் மாவு ஈரத்தைச் சீராக உறிஞ்சிக்கொள்கிறது, மசாலாவின் மணமும் வெண்ணெய்க்குள் இறங்குகிறது. இரண்டு நன்மைகளும் காத்திருந்தால் மட்டுமே கிடைக்கும்.

நான் சொல்லும் முறை இது. வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்து நுரைக்க நுரைக்க அடிக்க வேண்டாம். கேக்குக்கு அது தேவை. வெட்டிச் சுடும் குக்கீயில் அடைபட்ட காற்று ஓவனில் எழும்பி, பிறகு அமுங்கி, வடிவத்தைக் கெடுத்துவிடும். இரண்டும் ஒன்றாகக் கலந்த உடனே நிறுத்திவிடுங்கள். மாவைப் பிசைந்ததும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தட்டையாகவே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் கல்போல் இறுகிய உருண்டையோடு போராட வேண்டியிருக்காது. தேய்க்கும்போது கூடுதல் மைதா தூவ வேண்டிய தேவையும் வராது, தூவிய மாவு குக்கீயை வறட்டிவிடும். நட்சத்திரங்களை வெட்டித் தட்டில் அடுக்கிய பின் மறுபடியும் கால் மணி நேரம் குளிரவையுங்கள். ஒரு தட்டு வெளியே வந்ததும் அந்தச் சூட்டோடு அடுத்த மாவை அதில் அடுக்காதீர்கள், ஓவனுக்குள் போகும் முன்பே அடிப்பாகம் உருகத் தொடங்கிவிடும்.

"நிறம் மாறும்வரை" என்ற குறிப்பு மொலாசஸ் குக்கீயில் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் மாவே பழுப்பாக இருக்கிறது. நிறத்தைவிட விரலை நம்புங்கள். ஓரம் இறுகி, நடுவில் மெல்லத் தொட்டால் இன்னும் சற்று அமுங்க வேண்டும். அந்த நிலையில் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டால் மீதியைத் தட்டின் சூடு பார்த்துக்கொள்ளும். 6 சென்டிமீட்டர் அகல நட்சத்திரத்துக்கு எட்டு முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கலாம். ஏழாவது நிமிடத்திலிருந்தே பக்கத்தில் நில்லுங்கள். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது, ஏனெனில் குமிழில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அரிது.

கிராம்புமணம் பதில்:

அன்புத் தோழி, உங்கள் குறிப்பைப் பலமுறை படித்தேன். அதில் உப்பு இல்லை. மைதா முதல் கிராம்புவரை எழுதியவர் உப்பை மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பயன்படுத்திய வெண்ணெயிலேயே உப்பு இருந்திருக்கும், அதனால் தனியே எழுத வேண்டிய தேவை வந்திருக்காது. உப்பிட்ட வெண்ணெயில் பொதுவாக எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு உப்பு இருக்கும். 227 கிராமுக்கு ஏறத்தாழ 4 கிராம், அதாவது முக்கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூள் உப்பு. நீங்கள் உப்பில்லாத வெண்ணெய் எடுத்ததால் அந்த 4 கிராம் முழுவதும் விடுபட்டுவிட்டது. இனிப்பும் மசாலாவும் இருந்தும் சப்பென்று இருந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. அத்தையிடம் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, வெண்ணெயோடு வேறு கொழுப்பு ஏதும் சேர்த்தாரா என்றும் கேளுங்கள். வெண்ணெயில் 80 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் நீர். இறுகிய தாவரக் கொழுப்பில் நீரே இல்லை, வெண்ணெயைவிடக் கூடுதல் சூட்டில்தான் உருகும். பாதி வெண்ணெய், பாதி அது என்று சேர்த்திருந்தால் வடிவம் நின்றதற்கு அதுவும் காரணமாகலாம்.

இனி "வழக்கம்போல்". 450 கிராம் மைதாவுக்குத் தொடக்கமாகச் சுக்குத்தூள் 2 தேக்கரண்டி, பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, கிராம்புத்தூள் அரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பாட்டியின் அளவு அல்ல, அவருடைய அளவைத் தேடிப் புறப்படும் இடம் மட்டுமே. மூன்றையும் முழுதாக வாங்கி, வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, ஆறியதும் பொடித்துச் சலியுங்கள். திறந்து பல மாதம் ஆன தூளில் ஆவியாகும் எண்ணெய்கள் போய்விடும், நிறம் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட தூளை இரண்டு மடங்கு போட்டாலும் மணம் வராது, கசப்புதான் ஏறும்.

சுவை பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் சுட வேண்டியதில்லை. மிருதுவான வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, மொலாசஸ், உப்பு, மசாலா ஆகியவற்றை மட்டும் குறிப்பின் விகிதப்படி சிறு கிண்ணத்தில் கலந்து, சிறு கரண்டி நுனியில் அத்தைக்குக் கொடுங்கள். மைதாவும் முட்டையும் அதில் இருக்கக் கூடாது. பச்சை முட்டை மட்டுமல்ல, பச்சை மைதாவும் நோய்க்கிருமிகளைச் சுமக்கக்கூடியது என்பதால் பிசைந்த மாவைச் சுவைப்பது நல்லதல்ல. அத்தை கிராம்பு கூடுதலாக வேண்டும் என்றால் ஒரு சிட்டிகை கூட்டி மறுபடி கொடுங்கள். நினைவில் உள்ள சுவையை எடைபோட அவரை விடச் சிறந்த தராசு உங்களுக்குக் கிடைக்காது. மாவு சேர்ந்து சுட்டபின் எல்லாச் சுவையும் ஓரளவு மட்டுப்படும். எனவே கிண்ணத்தில் சற்றுத் தூக்கலாக இருந்தால் அஞ்ச வேண்டாம். சுக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் கூடுதல் காரமுடையது. ஆகவே பச்சை இஞ்சி துருவிச் சேர்த்துச் சமன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், தொண்டையில் தங்கும் அந்தச் சுக்குக் காரம் அதில் வராது.

மொலாசஸின் வகையையும் பாருங்கள். சர்க்கரை எடுக்கக் கரும்புப் பாகை மூன்றாம் முறை காய்ச்சும்போது, அதாவது மூன்றாம் கொதிப்பில், கிடைக்கும் கறுத்த வகை மிகக் கசப்பானது, அதை இந்த அளவில் சேர்த்தால் மசாலாவே தெரியாது. முதல் அல்லது இரண்டாம் கொதிப்பு வகையைத்தான் பாட்டி எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

விண்மீன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தையிடம் நீண்ட நேரம் பேசினேன். வெண்ணெய் உப்பிட்டதுதான் என்று உறுதியாகச் சொல்கிறார். உப்பு போடாமல் சுட்டாயா என்று என்னையே திருப்பிக் கேட்டார். வேறு கொழுப்பு ஏதும் சேர்த்ததில்லையாம். கோப்பை என்பது அளவுக் கோப்பை அல்ல, வீட்டில் தேநீர் குடித்த பீங்கான் கோப்பை. அது இப்போது இல்லை. ஆனால் மாவை மட்டும் எப்போதும் குவித்து அளப்பார் என்கிறார். வாயில் வைத்ததும் கிராம்பு முதலில் தெரியும், சுக்கு விழுங்கும்போதுதான் தெரியும் என்றும் சொன்னார். தேநீர்க் கோப்பை சிறியது ஆயிற்றே, அப்படியானால் மாவு இன்னும் குறைவாக அல்லவா வரும்? இந்த இடத்தில் குழம்பி நிற்கிறேன்.

தராசுமுள் பதில்:

அத்தையின் நினைவு முழுவதும் பொருந்தி வருகிறது, குழம்ப வேண்டாம். தேநீர்க் கோப்பை விளிம்புவரை 200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மட்டமாக வழித்தால் அதில் 100 கிராம் மைதாதான் நிற்கும். மூன்று கோப்பைக்கு 300 கிராம். அந்த மாவை 227 கிராம் வெண்ணெயோடு பிசைந்தால் தேய்க்கவே வராது, ஆனால் பாட்டி தேய்த்து வெட்டியிருக்கிறார். ஆகவே மட்டமாக அளந்திருக்க வாய்ப்பே இல்லை. அள்ளிக் குவித்தால் அதே கோப்பையில் 150 கிராம்வரை நிற்கும், மூன்று கோப்பைக்கு மீண்டும் 450. முன்னே நான் சொன்ன எண்ணுக்கே வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஆனால் இன்னொரு விளைவும் இருக்கிறது. கோப்பை சிறியது என்றால் சர்க்கரையும் மொலாசஸும் குறைகின்றன. அழுத்திய சர்க்கரை 180 கிராம், மொலாசஸ் அரைக் கோப்பைக்கு 140 கிராம் அளவில் வரும். உங்கள் அளவுக் கோப்பையால் நீங்கள் சேர்த்தது ஏறத்தாழ 215-ம் 170-ம். சர்க்கரை ஓவனில் உருகி நீர்போல் ஆவதால் அதுவும் பரவலைக் கூட்டும். கொழுப்பும் சர்க்கரையும் மாவுக்கு மிஞ்சியிருந்ததால்தான் முனைகள் நிற்கவில்லை. ஆகவே முன்னே சொன்ன சோதனையை இந்தப் புதிய எண்களோடு செய்யுங்கள். முழு அளவுக்கு: மைதா 450 கிராம், உப்பிட்ட வெண்ணெய் 227, பழுப்புச் சர்க்கரை 180, மொலாசஸ் 140, முட்டை ஒன்று ஓடு நீக்கி 50, சோடா 5. மாவு வறண்டு தேய்க்கும்போது வெடித்தால் மைதாவை 430, 410 என்று இறக்கிப் பாருங்கள். அந்த எல்லைக்குள்தான் விடை இருக்கிறது. கிராம்பு முதலில் தெரிய வேண்டும் என்பதால் அதை அரையிலிருந்து முக்கால் தேக்கரண்டிவரை கிண்ணச் சோதனையில் கூட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும்.

தகரப்பெட்டி பதில்:

மறுநாள் கெட்டியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு அதிகமானதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியின் குக்கீயும் மறுநாள் ஓரளவு கெட்டியாகவே இருந்திருக்கும் என்பது என் துணிபு. நீங்கள் யாரும் அதை மறுநாள் தின்னவில்லை அல்லவா? திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறன்று தொடங்குகிறது. அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அப்போது சுட்டுப் பெட்டியில் அடைத்தால் கிறிஸ்துமஸ் காலைவரை மூன்று வாரத்துக்குக் குறையாமல், அதிக அளவாக நான்கு வாரம். மொலாசஸும் பழுப்புச் சர்க்கரையும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையவை. மூடிய பெட்டிக்குள் குக்கீயின் ஈரம் ஓரத்துக்கும் நடுவுக்கும் மெல்லப் பரவிச் சமனாகிறது. கிராம்பின் முதல் கடுமையும் அந்த நாட்களில் தணிந்து மற்ற மணங்களோடு சேர்ந்துவிடுகிறது. சுட்ட அன்றே தின்று தீர்ப்பு எழுதுவது இந்த வகைக் குக்கீக்கு நியாயமாகாது. ஆகவே சோதனைக் குக்கீகளில் சிலவற்றைப் பெட்டியில் அடைத்து, ஒரு வாரம் கழித்தும் அதற்குப் பிறகும் எடுத்துத் தின்று பார்த்துவிட்டு அளவை மாற்றுங்கள். அதற்கு நாள் வேண்டும் என்பதால் சோதனையை நவம்பர் தொடக்கத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அடைக்கும் முன் குக்கீ முழுவதும் ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அடுக்குகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். வேறு மொறுமொறுப்பான பலகாரம் எதையும் அதே பெட்டியில் போடாதீர்கள், அது நமத்துப்போகும். சில வாரத்துக்குப் பிறகும் மிகக் கெட்டியாக இருந்தால் ஒரு துண்டு ஆப்பிளைக் குக்கீயின் மேல் படாதபடி சிறு காகிதத்தில் வைத்து ஓரிரு நாள் மூடிவைத்து, மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஐசிங் போடுவதானால் கொடுப்பதற்கு முதல் நாள் போடுங்கள். பச்சை முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதில் பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருத் தூளைப் பயன்படுத்தினால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம். உறவினர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் கோதுமை, பால், முட்டை மூன்றும் இருப்பதாக ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் நம்மிடம் கேட்கத் தயங்குவார்கள்.

விண்மீன்:

மூன்று வாரக் காத்திருப்பைப் பற்றி யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மாவையே மேலும் மேலும் மாற்றிக்கொண்டு போயிருப்பேன். கிண்ணச் சோதனையை அத்தையோடு அமர்ந்து செய்வதாக முடிவு செய்திருக்கிறேன். கிராம் கணக்கை வேறொரு தாளில் எழுதிப் பாட்டியின் குறிப்போடு சேர்த்து வைப்பேன். கடைசியாக ஒரு ஐயம் உண்டு. உறவினர் பலருக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் நான்கு மடங்கு சுட வேண்டும். எல்லா மாவையும் ஒரே நாளில் பிசைந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்துச் சுடலாமா?

வெப்பமானி பதில்:

நான்கு மடங்கையும் ஒரே பாத்திரத்தில் பிசைய வேண்டாம். அடியில் உள்ள மாவு கலக்காமல் நிற்கும், மேலே உள்ளது அளவுக்கு மீறிப் பிசைபட்டு இறுகிவிடும். இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே எடைபோட்டுப் பிசையுங்கள். மசாலாவை மட்டும் மொத்தமாகப் பொடித்துக் கலந்து வைத்துக்கொண்டு பிரித்தால் எல்லாப் பெட்டியிலும் ஒரே சுவை இருக்கும்.

சோடா மொலாசஸோடு சேர்ந்ததுமே வினையைத் தொடங்கிவிடும். ஆகவே பிசைந்த மாவைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்கு மேல் தேவையென்றால் பிசைந்த அன்றே, தேய்த்த தட்டை நிலையிலேயே காற்றுப் புகாமல் சுற்றி உறைவிப்பானில் வையுங்கள், சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். எடுக்கும்போது குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி ஓர் இரவு இளகவிடுங்கள். வெளியே வைத்து இளக்கினால் ஓரத்து வெண்ணெய் உருகிவிடும், நடு இன்னும் உறைந்தே இருக்கும், அச்சை அழுத்தும்போது நட்சத்திரத்தின் முனை உடைந்துவிடும்.